தென்னந்தோப்பில் இணைச்சீர்

என் கல்யாணத்தை ஏன் மண்டபத்தில் வைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் மூன்று காரணம் சொன்னேன். செலவு குறையும். வருகிறவர்கள் காற்றோட்டமாக இருப்பார்கள். வரிசையாக நாற்காலி போட்டு, பந்திக்கு இடம் பிடிக்க முண்டியடித்து, மொய்க்கவரை நீட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற கல்யாணமாக இல்லாமல், ஒருநாள் ஊர்த் திருவிழா நோம்பி மாதிரி எல்லாரும் சாவகாசமாக இருந்துவிட்டுப் போகலாம். மூன்றும் உண்மைதான். நான்காவதாக ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அருள்செல்வன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. பனியனின் கழுத்துப் பட்டி நிறம் ஒரு பொட்டு மாறினாலும் டென்மார்க்குக்கு மெயில் போடுவேன். அவர்கள் சரி என்று சொல்கிறவரை, மூன்று நாள் ஆனாலும், கட்டிங் மாஸ்டரைக் கத்தியைத் தொட விடமாட்டேன். அப்ரூவல் இல்லாமல் ஒரு தையல் விழக்கூடாது என்பதுதான் என் பிழைப்பு. இப்படிப்பட்டவன்தான் நான் செய்ததைச் செய்தேன் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

எனக்கு இருப்பது ஒரே அக்கா, செல்லாத்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார், பத்தாவது எழுதிய வருடம் அம்மா. அக்கா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தாள். அதற்காகக் கட்டிக்கொடுத்த வீட்டில் பேச்சும் வாங்கினாள். மாமா மட்டும் தங்கமான மனுசன், "படிக்கட்டும் உடு" என்பார். அவரும் ஒன்பது வருடத்துக்கு முன்னால் தாராபுரம் ரோட்டில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தார். குழந்தை இல்லை. அன்றிலிருந்து அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

மாமா போன பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அக்கா நேராகப் பந்திப் பக்கம் போய்விடுவாள். மேடையில் தாலி கட்டும்போது அவள் தண்ணீர் டம்ளர் அடுக்கிக்கொண்டிருப்பாள். யாரும் அவளை அந்தப் பக்கம் போகச் சொன்னதில்லை. போகாதே என்றும் யாரும் சொன்னதில்லை, நானும்தான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். ஒரு சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். கல்யாணத்தை நடத்திவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் வெற்றிலை பாக்கு வைத்து இரண்டு பேரையும் வாழ்த்துவார். நாளைக்கு ஒருத்தி வந்தாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊருக்கு முன்னால் சொல்கிற மாதிரி. மொத்தம் பத்து நிமிஷம் ஆகுமா என்ன. ஆனால் தம்பி உள்ள எந்த அக்காவும் அந்தப் பத்து நிமிஷத்தைப் பல வருஷம் முன்னாலிருந்தே மனசில் வைத்திருப்பாள். புருஷன் போய்த் தாலி இறங்கியவள் அதில் நிற்கக்கூடாது என்பது வழக்கம். அப்படி இருக்கிற வீட்டில் சித்தப்பா பெண்ணோ பெரியப்பா பெண்ணோ நிற்கும்.

மடத்துக்குளத்துச் சத்யப்பிரியாவை எனக்குப் பேசி முடித்த அன்று கந்தவேல் சித்தப்பா இந்தப் பேச்சை எடுத்தார். எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துத்தான் சொன்னார்.

"இணைச்சீருக்கு நம்ம பாப்பாவை நிறுத்திக்கலாம் கண்ணு. செல்லாத்தாளுக்கு எதுக்குச் சங்கடம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

அக்கா அப்போது எல்லாருக்கும் காபி கொண்டுவந்துகொண்டிருந்தாள். சித்தப்பாவின் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, என் டம்ளரோடு என் முன்னால் நின்றாள். காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் "என்ற அக்காதானுங்க நிப்பாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. நான் சொன்னது, "பாத்துக்கலாமுங்க சித்தப்பா."

சித்தப்பா பெண் நின்றால் அக்கா மனசு உடையும். அக்கா நின்றால் சொந்தம் முணுமுணுக்கும். இரண்டையும் எதிர்கொள்ள எனக்குத் தெம்பில்லை. ஒரு வாரம் இதையே யோசித்துக்கொண்டு திரிந்தபோது, டென்மார்க் பையர் ஆபீஸில் எனக்கு மெயில் போடுகிற பெண் தன் கல்யாணப் படங்களை அனுப்பியிருந்தாள். ஒரு புல்வெளி. மரத்துக்கு மரம் கொடித் தோரணம். வண்டிக் கடைகளில் சாப்பாடு. ஆட்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். மேடையே இல்லை. சடங்கு என்று எதுவுமே இல்லை.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. சீரே இல்லை என்றால் யார் நிற்பது என்ற கேள்வியும் இல்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா காலையிலேயே வெளியே போயிருந்தாள். "மூலனூர் வரைக்கும் ஒரு சோலி" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் நாலு மணி வாக்கில் புழுதியும் வேர்வையுமாக வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மாமா இருந்தபோது அப்படி இருக்கும்.

"முருங்கக்கா வாங்க மூலனூரு வரைக்கும் போனீங்களாக்கா?" என்று கிண்டல் செய்தேன்.

"இரு கண்ணு, உன்கிட்ட ஒரு விசயஞ் சொல்லோணும்" என்றாள்.

"மொதல்ல இதப் பாருங்க" என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். படம் படமாகத் தள்ளிக் காட்டினேன். சத்யப்பிரியா அப்பாவின் தென்னந்தோப்பு இருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம், கடை போடலாம், ராட்டினம் கொண்டுவரலாம், வள்ளி கும்மி ஆடுகிறவர்களைக் கூப்பிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் அதையும் சொன்னேன். "சீரு கீரு ஒண்ணுமே வேண்டாமுங்க. முருகன் படத்துக்கு முன்னால தாலியைக் கட்டுனா முடிஞ்சுது. எல்லாரும் ரிலாக்ஸா இருக்கலாம்."

அக்கா படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அருமைக்காரரு?" என்றாள்.

"அவரு எதுக்குங்க."

லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். பிறகு, "செரி கண்ணு. நல்லாத்தான் இருக்குது" என்றாள். முருங்கைக்காய்க் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் சொல்ல வந்த விஷயம் என்ன என்று நான் கேட்கவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். கேட்டால் இணைச்சீர் பேச்சு வரும் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா இந்தக் கல்யாணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். தன் கம்பெனியில் மிஞ்சிய பீஸ் துணிகளைக் கேட்டு வாங்கிவந்து, வேலை முடிந்து வந்த பிறகு வீட்டு மெஷினில் முக்கோணம் முக்கோணமாக வெட்டித் தோரணம் தைத்தாள். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை என்று கூடம் பூராவும் குவிந்தது. வயசானவர்கள் உட்காரக் கயிற்றுக் கட்டில் யார் யார் வீட்டில் கிடைக்கும், கார் நிற்க எந்தப் பக்கம் சருகு கூட்ட வேண்டும், வெயில் ஏறினால் எத்தனை பானை மோர் வேண்டும், எல்லாம் அவள் கணக்கு. நான் வெறுமனே சார்ட் போட்டேன். எந்தத் தேதிக்குள் எது முடிய வேண்டும் என்று ஷிப்மென்ட்டுக்குப் போடுகிற அதே சார்ட்.

கடைகளை யார் யார் பார்த்துக்கொள்வது என்று எழுதும்போது அக்கா, "சந்தகைக் கடைய நான் பாத்துக்கறேன்" என்றாள். அரிசி மாவை அவித்துச் சூட்டோடு பிழிய வேண்டும், அதற்குப் பதமான கை வேண்டும், உண்மைதான். ஆனால் அது தோப்பின் கடைசியில், கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. தாலி கட்டுகிற இடத்திலிருந்து அதைவிடத் தள்ளி வேறு கடை கிடையாது. எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். "ரொம்ப நல்லதுங்கக்கா" என்றேன். நிம்மதியாகவே சொன்னேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேல் கோபம் கோபமாக வருகிறது.

அழைப்பிதழைக்கூடக் கோயில் நோம்பி நோட்டீஸ் மாதிரி ரோஸ் தாளில் அடித்தோம். என் ஃப்ரெண்ட் ஃபைஸ் பனியனுக்குப் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறான், அவன்தான் டிசைன் செய்தான். ராட்டினம், வள்ளி கும்மி, போளி மாதிரியான ஒப்பிட்டுக்கு ஒரு கடை, கம்பங்கூழ்க் கடை எல்லாம் நோட்டீஸில் வந்தன. எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். "சூப்பர் ஐடியா மாப்ள" என்று தெரியாதவர்கள்கூட போன் செய்தார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் சங்கடமான பேச்சு இல்லாமல் முடிந்ததே என்று அவரும் விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா என்னை மூலனூருக்கு அனுப்பினாள். அங்கேதான் அருமைக்காரர் சாமியப்பன் இருக்கிறார். அப்பா அம்மா கல்யாணத்தையும் அக்கா கல்யாணத்தையும் நடத்திவைத்தவர். "சீரு இல்லீனாலும் அவரு நம்மூட்டுக்கு வேண்டியவரு. நேர்ல போயி வெச்சுட்டு வா" என்றாள். நீங்களும் வாங்க என்றேன். தையல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

சாமியப்பனை வீட்டில் பிடிக்க முடியவில்லை. முருங்கைக்காய்ச் சந்தையில் இருந்தார். எழுபதைத் தாண்டியும் அவரே உட்கார்ந்து காயை நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கோடு நோட்டீஸை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலிருந்து கீழே படித்தார்.

"உங்கக்கா பேரு சந்தகைக் கடைக்கு நேராப் போட்டிருக்குது" என்றார்.

"ஆமாங்க. அவங்கதான் பாத்துக்கறாங்க."

"வேற எங்கயும் காணோம்?"

அவர் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி கட்டுப் போட ஆரம்பித்தார். கயிற்றை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்கக்கா என்னையத் தேடிட்டு இங்க வந்தா. ரெண்டு பஸ்ஸு மாறி. இதே எடத்துலதான் நின்னா. தாலி எறங்குனவ தம்பிக்கு இணைச்சீரு நிக்கலாமுங்களான்னு கேட்டா. கூடப்பொறந்தவ நிக்கறதுக்கு எவனுக்குப் பயப்படோணும் ஆத்தா, நான் நிறுத்தறேன், எவன் கேட்டாலும் என்கிட்டக் கேக்கச் சொல்லுன்னேன். இதுக்கு முன்னால ரெண்டு ஊட்டுல நிறுத்தியிருக்கறேன். சந்தைன்னுகூடப் பாக்காம அழுதா. ஒரு கட்டுக் காயைக் குடுத்து அனுப்புனேன்."

அவர் அடுத்த கட்டுக்குக் கயிற்றை எடுத்தார்.

"மூணாம் நாளு போன் பண்ணுனா. தம்பி எளிமையாப் பண்றானுங்க, சீரெல்லாம் வேண்டாமுங்கறான், நீங்க மனசுல வெச்சுக்காதீங்கன்னா." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "எளிமையாத்தான் பண்ணு, வேண்டாங்கல. ஒரு சேலை, ரெண்டு வெத்தலை. ராட்டினத்தவிட அதா பெருஞ்செலவு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் முகம் ஏன் பளிச்சென்று இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவள் வரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அதை வாயைத் திறந்து சொல்வதற்குள் நான் படம் காட்டி அடைத்துவிட்டேன். அவள் என்ன நினைத்திருப்பாள்? தம்பிக்கு என்னைப் பக்கத்தில் நிறுத்தக் கூச்சமாக இருக்கிறது, அதற்காகத்தான் இத்தனை கடையும் கொடியும் என்று நினைத்திருப்பாள். நினைத்தது தப்பும் இல்லை. அவளை மறைக்கத்தான் அத்தனை தோரணம். அதை அவள் கையாலேயே தைக்க விட்டேன்.

"நீங்க வந்து சீரு பண்ணித் தரோணுங்க" என்று சாமியப்பனிடம் கேட்டேன்.

"பண்றேன். உங்கக்காகிட்டப் பேசு."

"பேசறனுங்க."

திரும்பி வரும்போது வழியெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவிநாசிபாளையத்தில் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். டீ ஆறிப்போய்க் கடைக்காரர் வேறு போடட்டுமா என்று கேட்கிறவரை நின்றிருந்தேன். அக்கா, நான் பயந்தாங்கொள்ளி, ஊர்வாய்க்குப் பயந்து உங்களை மறைத்தேன், மன்னித்துவிடுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் அக்கா மெஷினில் இருந்தாள். "என்ன சொன்னாரு?" என்றாள்.

"வர்றேன்னாருங்க."

"வேற ஒண்ணும் சொல்லுலயா?"

மெஷின் நின்றிருந்தது. துணி ஊசிக்கடியில் இருந்தது, அவள் மிதிக்கவில்லை. நான் வாயைத் திறக்க அவள் இடம் கொடுத்துக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "இல்லீங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.

மன்னிப்புக் கேட்பதைவிட ஏற்பாடு செய்வது எனக்குச் சுலபம். அதுதான் என் கோளாறு. அன்றைக்கே மனசுக்குள் வேறொரு திட்டம் போட்டுவிட்டேன். அக்காவிடம் சொல்லாமலே எல்லாம் தயாராக வைத்துவிடுவது. கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு நிறுத்துவது. அவள் ஆச்சரியப்பட்டுப்போவாள், அழுவாள், சந்தோஷப்படுவாள். நான் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்காது. யோசிக்க யோசிக்க இது எவ்வளவு அழகான திட்டம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

சத்யப்பிரியாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கிறாள், அளந்துதான் பேசுவாள்.

"ரொம்ப சந்தோசமுங்க. அண்ணிகிட்டக் கேட்டுட்டீங்களா?"

"இல்ல, சர்ப்ரைஸ்."

"இதுல என்னங்க சர்ப்ரைஸ்? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"கேட்டா வேண்டாம்பாங்க. எனக்காக வேண்டாம்பாங்க. உனக்குத் தெரியாது அவங்களப் பத்தி."

"வேண்டாம்னா வேண்டாம்னு உட்டுடோணுமுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று தோப்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. தை மாதத்து இளவெயில். தென்னைக்குத் தென்னை அக்கா தைத்த கொடிகள். கட்டில்களில் பெரியவர்கள் காலை நீட்டிக்கொண்டு கதை பேசினார்கள். என் கம்பெனி ஆட்கள் ஒப்பிட்டுக் கடையை விட்டு நகரவில்லை. வள்ளி கும்மிக்காரர்கள் முருகனைப் பாடி அடித்த அடியில் புழுதி பறந்தது. சத்யப்பிரியாவின் பாட்டனார் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராட்டினத்தில் ஏறிவிட்டார். ஃபைஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மோர்ப் பானை எங்கே இருக்கிறது, யாருடைய கார் வழியை மறிக்கிறது என்று அசல் நோம்பி மாதிரியே அறிவித்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் எல்லாம் என் முதுகைத் தட்டினார்கள்.

மேடை என்று பெரிதாக இல்லை, முருகன் படத்துக்கு முன்னால் ஒரு மரப்பலகை. சாமியப்பன் தட்டில் சேலையும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்கக்காகிட்டச் சொல்லியாச்சல்ல?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன். கல்யாணத்தன்று காலையில், முருகன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

ஃபைஸுக்குக் கை காட்டினேன். முன்னமே சொல்லி வைத்திருந்தேன். அவன் குரலை ஏற்றினான். "மாப்பிள்ளையின் அக்கா செல்லாத்தாள் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். மாப்பிள்ளையின் அக்கா செல்லாத்தாள் அவர்கள்."

தோப்பின் கடைசியிலிருந்து அவள் ஓடி வந்தாள். நடந்து வரவில்லை, ஓடித்தான் வந்தாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். அடுப்படிக்குக் கட்டுகிற பழைய நீலச் சேலை. கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. நெற்றி வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. சொல்லியிருந்தால் தலைக்குக் குளித்து, பூ வைக்காவிட்டாலும் படிய வாரி, பீரோவில் இருக்கிற அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. இணைச்சீருக்கு நிற்கிற எந்த அக்காவும் அப்படித்தான் வருவாள்.

கூட்டம் வழி விட்டது. பலகைக்குப் பக்கத்தில் வந்து, "என்ன கண்ணு, என்ன ஆச்சு?" என்றாள். அப்புறம் சாமியப்பனைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டாள்.

கந்தவேல் சித்தப்பா பின்னால் யாரிடமோ ஏதோ முணுமுணுத்தார். இரண்டு மூன்று தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அக்கா அசையவில்லை என்றதும் எனக்குப் பதட்டமாகிவிட்டது. ஃபைஸ் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு அப்பா, அம்மா எல்லாம் என்ற அக்காதானுங்க. ஓவர்லாக்ல உக்காந்து என்னையப் படிக்க வெச்சவங்க. இவங்க நிக்காம எனக்கு இணைச்சீரு இல்லீங்க. இவங்க வர்ற வரைக்கும் நான் தாலி கட்டமாட்டேனுங்க."

அவ்வளவுதான், கைதட்டல் பிய்த்துக்கொண்டது. என் கம்பெனிப் பையன்கள் விசில் அடித்தார்கள். எல்லார் கையிலும் போன் மேலே ஏறியது. கட்டிலில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்தத் தட்டலில் சித்தப்பாவும் தட்டினார். தாழ்வான கட்டிலில் தோழிகளோடு காத்திருந்த சத்யப்பிரியா மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வரமாட்டேன் என்றால் தம்பி தாலி கட்ட மாட்டான் என்று தம்பியே மைக்கில் சொல்லிவிட்டான். அவள் என்ன செய்ய முடியும்? செருகியிருந்த கொசுவத்தை இறக்கிவிட்டாள். யாரோ சொம்பில் தண்ணீர் கொடுக்க, கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைத்தும் முழங்கைப் பக்கம் மாவு போகவில்லை. பலகையில் ஏறி என் பக்கத்தில் நின்றாள்.

சாமியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சேலையை விரித்து ஒரு முனையை என் கையிலும் மறுமுனையை அவள் கையிலும் கொடுத்து, வெற்றிலையை எடுத்து வாழ்த்தத் தொடங்கினார். கைதட்டல் இன்னும் அடங்கவில்லை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கண் காய்ந்துதான் இருந்தது.

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உதடு அதிகம் அசையாமல் சொன்னாள்.

"அன்னைக்கும் என்கிட்டக் கேக்கல. இன்னைக்கும் கேக்கலையே கண்ணு."

நாலு நாளைக்கு முன்னால் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "தப்புதானுங்கக்கா" என்றேன், கடைசியாக. அது அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவ்வளவு சத்தம்.

"நேராப் பாரு. போட்டோ புடிக்கறாங்க" என்றாள்.

நான் நேராகப் பார்த்தேன்.